அம்மாஞ்சிக்கு நான் கொடுத்த உயிர்ச் சான்று

நேரில் வர இயலாத பென்ஷன்தாரரை அதிகாரி வீட்டுக்கே போய்ப் பார்த்து, ‘இன்று உயிருடன் இருக்கக் கண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். விதி அவ்வளவுதான். பூனையைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. ஆவி, பேய் என்று பேசுகிறவர்களுக்கு ஒழுங்காக ஒரு மனு எழுதக்கூடத் தெரியாது என்பது என் முப்பது வருஷ அனுபவம். என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்க்கப் போகிறீர்கள், சேருங்கள்.

1959 நவம்பர். திருச்சியிலிருந்து பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி. ராகவாச்சாரி ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எண்பத்திரண்டு வயது, நடமாட்டம் இல்லை. அவர் மகன் சம்பத் என்னை வாசலிலேயே மடக்கினான். வாய் நிறைய வெற்றிலை.

“சார், அப்பாவுக்குப் புத்தி சுவாதீனம் இல்லேன்னு ஒரு வரி எழுதிடுங்கோ. பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலே சேர்த்துட்டு, ஆத்தைப் பூட்டிண்டு நான் பம்பாய் போயிடுவேன்.”

“அப்படி என்ன பைத்தியம்?”

“செத்த பூனையோட பேசிண்டிருக்கார். போன மாசமே போயிடுத்து. முனிசிபாலிடி வண்டியிலே நானேதான் தூக்கிப் போட்டேன்.”

பெற்றவரைத் தள்ளிவிட வழி தேடுகிறவன் பூனை விஷயத்தில் மட்டும் அரிச்சந்திரனா என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். கிழவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். மடியில் பூனை. வெள்ளை, ஒரு காது மட்டும் கறுப்பு. என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. நம்பினால் நம்புங்கள், பால் வாடை வந்தது.

“இவன் அம்மாஞ்சி,” என்றார். “தாய்ப்பூனை குட்டியைக் கவ்விண்டு போறாப்பல பெருமாள் நம்மைத் தூக்கிண்டு போவார்னு எங்க சம்பிரதாயம். அவருக்கு ஆயிரம் ஜோலி. இவனை அனுப்பியிருக்கார். அதுவரைக்கும் என்னை இந்தக் கட்டில்லே இருக்க விட்டாப் போதும். இவன் இருக்கான்னு எழுதிக் குடுங்கோ.”

“அதுக்கு விதி இல்லைங்க.”

“எழுதக் கூடாதுன்னு விதி இருக்கோ?”

இல்லை. கணக்கு வாத்தியார் மடக்கிவிட்டார். அதற்குள் கதவருகிலிருந்து சம்பத், “சார், மடியிலே ஒண்ணுமே இல்லையே!” என்றான். கண்ணெதிரே புளுகுகிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபத்தில், ‘பென்ஷன்தாரர் சுவாதீனமாக இருக்கிறார், அம்மாஞ்சி என்னும் பூனையையும் உயிருடன் கண்டேன்’ என்று எழுதி முத்திரை குத்தினேன். பூனை இறங்கி வந்து, ஸ்டாம்ப் பேடில் முன்காலை வைத்து, இடது பெருவிரல் ரேகைக்கான கட்டத்தில் பதித்துவிட்டுப் போயிற்று. நாலு விரல் விழ வேண்டிய இடத்தில் மூன்றுதான் விழுந்தது.

சம்பத்தின் வாயிலிருந்து வெற்றிலைச் சாறு சட்டையில் ஒழுகியது. நடிக்கிறான் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவன் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கவில்லை. அந்தப் படிவம் கெட்டுவிட்டதால் வேறொன்று எழுதிக் கோப்பில் சேர்த்தேன். கெட்டதை நானே வைத்துக்கொண்டேன். அவன் புளுகை அம்பலப்படுத்த, அந்த வீட்டிலிருந்து பூனை ஏதும் அகற்றப்பட்டதா என்று மறுநாளே முனிசிபாலிடி சுகாதாரப் பிரிவுக்குக் கடிதம் எழுதினேன்.

தை மாதம் கிழவர் தன் கட்டிலிலேயே போனார். தகவல் சொல்ல வந்த சம்பத், குரலைத் தாழ்த்தி, “பிடரியிலே ரெண்டு பல் தடம் இருந்துது சார்,” என்றான்.

“எலியா இருக்கும்,” என்றேன்.

முத்திரை மை சில வருஷத்தில் வெளுத்துவிடும். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் முத்திரை வெளுத்துவிட்டது. அந்த மூன்று விரல் மட்டும் இன்னும் ஈர ஊதா.

மூன்று நினைவூட்டுக் கடிதங்களுக்குப் பிறகு சுகாதாரப் பிரிவு பதில் போட்டது. உலகத்தில் ஒழுங்காக நிரப்பிய ஒரே பதிவேடு அவர்களுடையதுதான் போலும்: ‘1959 அக்டோபர். மேற்படி வீடு. செத்த பூனை ஒன்று. வெள்ளை, ஒரு காது கறுப்பு, இடது முன்காலில் ஒரு விரல் இல்லை.’

அது என் கைக்கு வந்தது 1961 பிப்ரவரி 9, என் படிவத்தில் அந்த மூன்று விரல் விழுந்து பதினைந்து மாதம் கழித்து.