முனிராஜுக்குக் கொடுத்த அவுட்

முனிராஜுக்கு நான் பொய்யாக அவுட் கொடுத்தேன். பாகலூரில் இன்று பேரன் மட்டையைத் தரையில் தேய்த்தபடி கிரீஸுக்குள் ஓடிவந்த சத்தம் அதை நினைவூட்டியது.

சிறுவயதில் வற்றிய ஏரியில் ஆடுவோம். பேட்டிங் அணிப் பையனே அம்பயர். என்னை விட்டுவிட்டு முனிராஜைக் கேப்டனாக்கிய பொறாமையில், கோட்டைத் தாண்டிவிட்டவனை ரன் அவுட் என்றேன். தோற்றோம்.

"சொந்த ஆளுக்கே அவுட் குடுக்கறான்பா, நேர்மையானவன்!" என்று எதிரணி பாராட்டியது.

"நாமதான் மெதுவா ஓடறோம்டா" என்று முனிராஜ் தினமும் விடியலில் எல்லோரையும் ஓடவிட்டான். தாங்க முடியாமல் எல்லோர் முன்னும் உண்மையைச் சொன்னேன்.

"தூ, மானங்கெட்டவனே!" என்றான் ஒருவன்.

முனிராஜ், "ஓட்டத்த நிறுத்தாதீங்கடா" என்றான். என்னிடம், "ஞாயித்துக்கெழம மேட்ச்சுக்கும் நீயே அம்பயரா நில்லு" என்றான்.

நின்றேன். ஒவ்வொரு ரன்னாக ஓடியே ஜெயித்தோம். என் தீர்ப்பு எதையும் எங்கள் பையன்கள் ஏனென்று கேட்கவில்லை.