மாணிக்கண்ணை தெரிந்தெடுத்த பிரவுசர்

மாணிக்கண்ணை இறந்த செய்தி எங்கள் கடைக்கு ஒன்றேகால் மணித்தியாலம் பிந்தி வந்தது. வவுனியா ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய மனைவி லெச்சுமி அக்கா திரும்பத் திரும்பத் தொலைபேசி எடுத்திருக்கிறார். லைன் கிடைக்கவில்லை. கடையில் இருப்பது ஒரே லைன். கதைப்பதற்கும் அதுதான், இன்ரநெற்றுக்கும் அதுதான். அந்த நேரம் கனடாவிலிருந்து யாரோ அனுப்பிய கலியாண வீட்டுப் படம் ஒன்று திரையில் மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஆஸ்பத்திரி வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர் சைக்கிளில் வந்து, "தங்கச்சி, மாணிக்கத்தார் மோசம் போயிட்டார்" என்றார்.

படம் மாப்பிள்ளையின் மீசை வரைக்கும் இறங்கியிருந்தது. நான் நிறுத்தினேன். வெளியே வாங்கிலில் உட்கார்ந்து காத்திருந்தவர்களுக்குக் கடை பூட்டப்போகிறேன் என்று சொன்னேன். ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தக் கோபம் முழுவதும் என்மேல் வந்திருக்க வேண்டியது. மாணிக்கண்ணை கடையில் நின்றிருந்தால் அந்தப் படம், அவர் வேண்டாமென்ற அந்தப் பிரவுசரில் திறந்தே இருக்காது.

பதினாறாம் நாள் நினைவு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டவர் லெச்சுமி அக்காதான். "எல்லாரும் நல்லவரு, வல்லவருன்னு எழுதுவாங்க. நீ கூட வேலை செஞ்சவ. உள்ளத எழுது" என்றார். அவர் என்னத்தைக் கேட்கிறார் என்று அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கு அவர் பரந்தன் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்த்த மாணிக்கம். மலையகத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் குடியிருந்த லயம் வீடு எரிந்தபின் பெற்றோரோடு வன்னிக்கு வந்தவர். வேறு சிலருக்கு, கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ பாட வைத்துத் தந்த மாணிக்கம். சண்டை துரத்தத் துரத்த அக்கராயன், ஒட்டுசுட்டான் என்று ஒவ்வொரு இடமாக இருந்து, கடைசியில் வவுனியாவுக்கு வந்து சேர்ந்தார். எனக்கு அவர் கணனிக்காரர். நான் தவமணி. பஸ் நிலையத்துக்குப் பின் தெருவில் உள்ள கொம்யூனிகேஷன் கடையில் முன்மேசையில் இருப்பவள். இடம்பெயர்ந்தவர்களின் முகாமிலிருந்து காலையில் வெளியே போகும் பாஸ் எடுத்து வந்து, ஆறு மணிக்கு முன் திரும்பிவிடுவேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு தொடக்கத்தில் எங்கள் முதலாளி கொழும்பில் ஒரு கொம்பனிக் கந்தோர் கழித்துவிட்ட இரண்டு கணனிகளைக் கொண்டுவந்து இறக்கினார். ஒன்றிலும் ஒன்றும் இல்லை, வெறும் பெட்டி. ஒரு சஞ்சிகையோடு இலவசமாக வந்த சீடியிலிருந்து மாணிக்கண்ணை லினக்ஸ் ஏற்றினார். பதினொரு நாள் எடுத்தது. ஏன் அண்ணை இந்தக் கரைச்சல், எல்லாரும் பாவிக்கிறதைப் போட்டால் என்ன என்று கேட்டேன். "இதுக்குள்ள என்ன நடக்குதெண்டு திறந்து பாக்கலாம் பிள்ளை. மூடி ஒட்டின சாமானை நான் திருத்துறேல்லை" என்றார்.

அந்தச் சீடியில் மூன்று பிரவுசர்கள் இருந்தன. எதை வைப்பது என்று அவர் சோதித்த விதத்தை நான் மறக்கமாட்டேன். என்னை ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். நான் எழும்பியதும் வந்து அதே கதிரையில் இருந்து, நான் என்ன வாசித்தேன் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பார். முதலாவது பெரிய பிரவுசர். வடிவான படங்கள், வடிவான பொத்தான்கள், திறக்கவே இரண்டு நிமிடம். அதில் ஒரு அமத்து அமத்தினார். "தலைமயிர் கொட்டுறதுக்கு மருந்து பாத்திருக்கிறாய்" என்றார். அன்று பின்னேரம் வரை நான் அவரோடு கதைக்கவில்லை. இரண்டாவதில் கொஞ்ச நேரம் தேடிப் பிடித்துவிட்டார். மூன்றாவது கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் காட்டுவது. மவுஸ்கூட வேண்டாம், படம் கிடையாது. அதில் அரைமணித்தியாலம் தேடினார். நான் வாசித்த பக்கத்தின் தடயம் ஒன்றும் அகப்படவில்லை. சந்தோசம் வந்தால் அவர் பிடரியைச் சொறிவார். அன்றைக்குச் சொறிந்தார்.

"எழும்பிப் போற ஆள் தன்ர கதையையும் எடுத்துக்கொண்டு போகோணும். கதிரை சூடாக் கிடக்கலாம். வேற ஒண்டும் கிடக்கக்கூடாது."

அது எங்கள் கடைக்குப் பொருத்தமான பிரவுசர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் அப்போது தமிழை இங்கிலீஸ் எழுத்தில்தான் எழுதி அனுப்பினார்கள். கறுப்புத் திரையில் அது நன்றாகத் தெரியும். தாய்மாருக்கு அந்த எழுத்து ஓடாது. நான் பக்கத்தில் இருந்து மெல்லிய குரலில் வாசித்துக் காட்டுவேன். நான் வாசிக்கத் தொடங்கியதும் மாணிக்கண்ணை எழும்பிப் போய் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிடுவார், வாங்கிலில் இருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று. அந்தப் பிரவுசர் இன்னொன்றும் செய்யும். ஒரு இணையத்தளம் எங்கள் கணனியில் தன் அடையாளக் குறிப்பை வைக்கப் பார்த்தால், வைக்க விடவா என்று ஒவ்வொரு முறையும் எங்களைக் கேட்கும். எனக்கு அது பெரிய ஆக்கினை. அவருக்கு அது பிடித்தது. "கேட்டுப்போட்டு உள்ள வாறான், மரியாதை தெரிஞ்சவன். வாசல்ல நிண்டு கேக்கிற ஆள் எங்களுக்கு எத்தினை பேர் கிடைச்சவை?" என்பார்.

எனக்குப் படம் வேண்டியிருந்தது. சனத்துக்கும் வேண்டியிருந்தது. எதிர்ப் பக்கம் புதிதாகத் திறந்த கடையில் படம் தெரியும். "படமில்லாத இன்ரநெற் என்ன இன்ரநெற்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். முதலாளியும் முகத்தைச் சுழித்தார். மாணிக்கண்ணை சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போன கிழமை, இரண்டாவது கணனியில் நானே பெரிய பிரவுசரைப் போட்டேன். அவர் வந்து பார்த்தார். ஏசுவார் என்று இருந்தேன், ஏசவில்லை. ஒரு காட்போட் மட்டையில் நான்கு வரி எழுதித் திரைக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டார். கடிதப்பெட்டியிலிருந்து வெளியே வா. பார்த்த பக்கங்களின் பட்டியலை அழி. சேர்த்து வைத்திருப்பதை அழி. பிரவுசரை மூடு. "ஆள் எழும்பினோண்ண நாலும் செய்யோணும். ஒண்டு விடுபட்டாலும் செய்யாத மாதிரித்தான்" என்றார்.

இனி எழுதப்போவதை அவரோடு சேர்த்துப் புதைத்துவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் முகாமில் சரசம்மா என்று ஒரு தாய் இருக்கிறார். ஒட்டுசுட்டான் ஆள். மூத்த மகன் வெளிநாட்டில், இளையவன் குமரன் அவரோடு முகாமில். முகாமை விட்டுப் போகக் குமரனுக்கு அனுமதி இல்லை. ஒரு நாள் மூத்தவன் தன் குழந்தையின் படம் அனுப்பியிருக்கிறான் என்று சரசம்மா கடைக்கு வந்தார். பெரிய பிரவுசரில் திறந்தேன். படம் வந்தது. அவர் கண்ணாடித் திரையில் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கீழே கடிதம். குமரனைக் களவாக எந்தக் கிழமை, யாருடைய வான் வண்டியில், கொழும்பில் எந்த வீட்டுக்குக் கொண்டுபோவது என்று எழுதியிருந்தது. வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

வாங்கிலில் ஆறேழு பேர். நான் மட்டையைப் பார்க்கவில்லை. அடுத்தது ஒரு ஆள், அயன் பண்ணின சேட்டு போட்டவர், கிரிக்கெட் பார்க்கவேண்டும் என்றார். "இருங்கோ" என்றேன். கொஞ்சத்தால் திரும்பிப் பார்த்தபோது திரையில் அந்தக் குழந்தையின் முகம் இருந்தது. பின்னுக்குப் போகிற அம்புக்குறியை அமத்தியிருக்கிறார். எனக்கு அது தெரிந்தது. குழந்தையின் வடிவைப் பார்க்கிறார் என்று நினைத்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினேன். மற்ற ஆளுக்கு மிச்சக் காசு எண்ணிக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் ஆமி வந்து குமரனை விசாரணைக்கென்று கொண்டுபோனார்கள். அவனுக்கு முன்னால் அவனுடைய அண்ணனின் கடிதத்தைச் சொல்லுக்குச் சொல் ஒப்புவித்திருக்கிறார்கள். அந்தக் கடிதம் எங்கள் கடையைத் தவிர வேறெங்கும் திறக்கப்படவில்லை. குமரன் இன்றுவரை தெற்கில் ஒரு சிறையில் இருக்கிறான்.

சரசம்மா கடைக்கு வந்து நின்று கத்தினார். "ஆர் என்ர பிள்ளையின்ர கடிதத்தைக் காட்டினது? சொல்லுங்கோ, ஆர்?" நான் பலகைத் தடுப்புக்குப் பின்னால் நின்றேன். குமரனைக் கொண்டுபோன செய்தி கேட்டு, மாணிக்கண்ணை அதற்கு முதல் நாளே அந்தக் கணனியில் பார்த்த பக்கங்களின் பட்டியலைத் திறந்து பார்த்திருந்தார். கடிதம் வாசித்த அன்று சரசம்மா எழும்பிப் போனபிறகு அதே பக்கம் இன்னொருமுறை திறந்திருந்ததை அது சொல்லியிருந்தது. இப்போது அவர் எழும்பி முன்னுக்குப் போனார்.

"அம்மா, மிசினை வச்சவன் நான். என்ர பிழை" என்றார்.

அவர் வாங்கிய ஏச்சை நான் இங்கே எழுதமாட்டேன். மலையகத்தாரை இழிவாகச் சொல்லும் தோட்டக்காட்டான் என்ற சொல்லும் அதில் இருந்தது. அவர் தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டார். சரசம்மா போனபிறகு நான் அழுதுகொண்டு, ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள், நான் போய்ச் சொல்லுறன் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நீ அவவோட ஒரே முகாமிலை இருக்கிறாய். ஒரே குழாயிலை தண்ணி அள்ளுறாய். உன்ர அம்மா அவவோட கோயிலுக்குப் போறவா. உனக்குப் போறதுக்கு வேற இடமில்லை. நான் எங்க போனாலும் வெளியிலையிருந்து வந்தவன்தானே. எனக்கு இது பழகினது."

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது, அதுதான் உண்மை. அன்றே பெரிய பிரவுசரை அழித்தார். அதன்பின் ஒன்றரை வருடம் எங்கள் முகாம் ஆட்கள் அவரைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கம் போனார்கள். அவர் திருத்திக் கொடுத்த ரேடியோவை வைத்திருந்தவர்களும் போனார்கள். அதைப்பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ரேடியோவைக் கூட்டுவதையும் விடவில்லை. சிறுநீரகம் பழுதாகி அவர் ஆஸ்பத்திரியில் படுத்த மறுநாள் முதலாளி பெரிய பிரவுசரைத் திரும்பப் போடச் சொன்னார். நான் இரண்டு கணனியிலும் போட்டேன். செய்தி வந்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது அதுதான்.

செத்தவீட்டுக்கு எங்கள் முகாமிலிருந்து வந்தது நானும் அம்மாவும் மட்டும். குளக்கட்டடியில் உள்ள அவர்களின் சின்ன வீட்டு வளவு காலியாகக் கிடந்தது. "யாருக்கும் ஒரு கெடுதல் செஞ்சதில்லயே இந்த மனுசன், ஏன் ஒருத்தரும் வரல?" என்று லெச்சுமி அக்கா என் கையைப் பிடித்துக் கேட்டார். மாணிக்கண்ணை தன் மனைவிக்கும் சொல்லியிருக்கவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

முந்தாநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் சரசம்மாவிடம் சொன்னேன். பத்துப் பதினைந்து பேர் வாளியோடு நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் அந்த இடத்தில் சொன்னேன். மட்டையைப் பார்க்காமல் விட்டது நான், அந்த ஆள் பார்த்ததைக் கண்டும் பேசாமல் நின்றது நான், மாணிக்கண்ணை எனக்காகத்தான் தன் பிழை என்று சொன்னார் என்று. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் வாளி நிரம்பி வழிவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த மனுசனை நான் வாய்க்கு வந்தபடி ஏசினனான். இப்ப ஆரிட்டைப் போய் மன்னிப்புக் கேக்கிறது?" என்றார். பிறகு, "உன்னை ஏச எனக்கு வாய் வருகுதில்லை. போ" என்றார். அதன்பின் அவர் என்னோடு கதைக்கவில்லை. கதைப்பார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

லெச்சுமி அக்கா, நீங்கள் உள்ளதை எழுதச் சொன்னீர்கள். செத்தவீட்டுக்கு ஏன் ஒருவரும் வரவில்லை என்பதற்குப் பதில் இதுதான். உங்கள் கணவர் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. இது இந்த மலரில் வராவிட்டால் நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லுவேன்.

நேற்று இரண்டு கணனியிலும் பெரிய பிரவுசரை அழித்தேன். முதலாளி என்னை வேலையிலிருந்து நிற்பாட்டினால் நிற்பாட்டட்டும். கறுப்புத் திரையும் அவருடைய கையெழுத்துள்ள மட்டையும் இருக்கின்றன. வாசிக்கத் தொடங்கும்போது ரேடியோவைக் கூட்டிவிட இனி ஆளில்லை, நானே எழும்பிப் போய்க் கூட்டிவிட்டு வந்து இருக்கிறேன்.

எழும்பிப் போகிற ஆள் தன் கதையை எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று சொன்னவர், போகும்போது என்னுடையதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார். அந்தப் பழியை நான் அவரிடமிருந்து திருப்பி எடுத்துவிட்டேன். அவர் ஞாபகமாக நான் வைத்திருப்பது அதுதான்.