செம்பூரிலிருந்து தாராவிக்கு வந்த ஐஸ் கப்பல்

போன வாரம் என் பேத்தி ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்து, "பெத்தும்மா, ஐஸ்ல செஞ்ச அன்னப்பறவை பார்த்திருக்கியா?" என்று கேட்டாள். பார்க்கிறதாவது! நான் ஐஸ் கப்பலையே செம்பூரிலிருந்து தாராவிக்கு ரயிலில் கொண்டு வந்தவள். அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நயா பைசா புழங்கிய அறுபதுகளின் தொடக்கம். மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. என் பெரியம்மா மகள் ஜொஹரா லாத்தா (எங்களுக்கு அக்காதான் லாத்தா), தன் மகளுக்குச் செம்பூர் பங்களாவில் கல்யாணம் வைத்திருந்தாள். லாத்தாவின் வீட்டுக்காரர் தோலைக் கப்பலில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். அவருடைய தாராவிக் கிடங்கில் தோலுக்கு உப்புப் போடுவதுதான் என் வீட்டுக்காரருக்கு வேலை. பந்தலில் ஆள் உயர ஐஸ் கப்பல் நிற்கப் போகிறது என்று கிடங்கில் ஒரு வாரமாக அதே பேச்சு.

என் மாமியார் குழாயடி வரிசையில் வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடந்தார். ஐஸைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. நான் கிளம்பும்போது சொன்னார்: "கல்யாணமாகி நாலு வருசமாச்சு. உன் பொறந்த வீட்டுலேர்ந்து இங்க ஒரு சொட்டு வந்திருக்கா? அந்தக் கப்பல்ல ஒரு துண்டு கொண்டா, பார்ப்போம்."

"கொண்டு வாரேன் மாமி" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய அலுமினியத் தூக்கை எடுத்துக்கொண்டேன். கூடவே கிளம்பிய வீட்டுக்காரர் கைக்குட்டையில் கல்லுப்பை முடிந்தார். "தோலையே மாசக்கணக்குல கெடாம வைக்குது. ஐஸை ஒரு மணி நேரம் வைக்காதா?" எனக்கும் சரியென்றே பட்டது.

சயான் ஸ்டேஷன் வரை நடை. அங்கிருந்து குர்லா, வண்டி மாறினால் செம்பூர். ஆளுக்கு இருபது நயா பைசா.

பங்களாவைச் சொல்லவா! வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளிச் சிமிழில் அத்தர். கார் நிற்கும் இடத்தில்கூடக் கம்பளம். நடுவே அந்தக் கப்பல்! மூன்று புகைபோக்கி, உள்ளே உறைந்த ரோஜா இதழ்கள். அறுநூறு ரூபாயாம், எங்களுக்கு ஏழு மாதச் சம்பளம். பொறாமைப்படக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு அழகு. வாயைப் பிளந்து நின்றேன்.

லாத்தா வந்தாள். "நீ பின்கட்டுல உக்காரு புள்ள. சேலையில தோல் வாடை அடிக்குது."

அந்த வாடையில்தான் அவள் வீட்டுக் கப்பலே ஓடியது! அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், இருந்தாலும் நான் இதை மறக்கவில்லை. மறக்கப் போவதுமில்லை.

பின்கட்டில் உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிட்டேன். பக்கத்திலேயே சாக்கடை. கப்பல் கரைந்த தண்ணீர் அதில் ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சந்திலோ ஒரு குழாய்க்கு நாற்பது குடம் வரிசை நிற்கும். மூன்று மணிக்குப் போட்டோ முடிந்தது. வேலைக்காரர் உடைந்த ஐஸை வாளியில் கொண்டு வந்து கொட்டப் போனார். பாய்ந்து போய் வாளியைப் பிடித்துக்கொண்டேன். பின்னாலேயே லாத்தாவும் வந்தாள்.

"லாத்தா, இந்தப் புகைபோக்கிய எடுத்துக்கிடட்டா?"

"சாக்கடைக்குப் போறதுதானே, எடுத்துக்கோ."

தேங்காய் அளவு துண்டு, உள்ளே ஒரு ரோஜா இதழ். தூக்கில் போட்டு வெளியே ஓடினேன். ஸ்டேஷனுக்கு ஒன்றரை கிலோமீட்டர். நடந்தால் கரைந்துவிடும் என்று வீட்டுக்காரர் டாக்ஸியை நிறுத்திவிட்டார். என் வாழ்க்கையில் முதல் டாக்ஸி, ஒரு ரூபாய்! பாதி வழியில் டிரைவர், "அரே, சீட் பே பானி டபக் ரஹா ஹை!" என்று கத்தினார். சீட்டில் தண்ணீர் சொட்டுகிறதாம்.

"பானி நஹி பாய், ஜஹாஜ் ஹை!" தண்ணியில்லை, கப்பல் என்றார் வீட்டுக்காரர். டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் ஸ்டேஷன் வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ரயில் ஏறியதும் பாதி உப்பைத் தூவினோம். தூக்கின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்தது, கை சுரீரென்றது. "பாத்தியா, உப்பு வேலை செய்யுது!" என்று அவருக்கு ஒரே பெருமை. குர்லாவில் பாலம் ஏறி ஓடி, மூடியைத் திறந்தால் எலுமிச்சை அளவுதான் இருந்தது. பதறிப்போய் மீதி உப்பையும் போட்டார். சயானில் நெல்லிக்காய். தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாராவிக்குள் ஓடினேன். மூச்சு வாங்கியது, ஆனால் சிரிப்பும் நிற்கவில்லை.

வீட்டில் திறந்தபோது புளியங்கொட்டை அளவு, இதழைப் பிடித்துக்கொண்டு மிதந்தது. மாமி வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார், தோள் சிலிர்த்தது. பிறகு மூடியில் ஊற்றி ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏட்டி, உப்புக் கரிக்குதே!"

"கப்பல் வந்தா கடலும் கூட வராதா மாமி?"

இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தார். மறுநாள் எட்டிப் பார்த்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு: "எங்க மருமக பொறந்த வீட்டுக் கப்பல் எங் கட்டில் வரைக்கும் வந்துச்சு, தெரியுமா?"

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இன்றும் குர்லாவில் மாறிப் போவதுதான் லேசு. மே மாதப் பகலைத் தவிருங்கள். ஐஸ் கொண்டு வருவதானால் மரத்தூளில் புதைத்துச் சாக்கில் சுற்றுங்கள், உப்பு ஐஸைச் சீக்கிரம் கரைத்துவிடும், அதன் பக்கமே போகாதீர்கள். வாடை அடிக்கிறது என்று யாராவது உங்களைப் பின்கட்டுக்கு அனுப்பினால் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். நல்லதெல்லாம் கொட்டப்படுகிற இடம் அந்தப் பக்கம்தான் இருக்கும். கையில் தூக்கு இருக்கட்டும்.