உங்கள் தவறு ஒன்றை எழுதுக

போன சனிக்கிழமை முழுவதும் ஹரோவில் ஒரு ஹோட்டல் அறையில் அடைபட்டுக் கிடந்தேன். வீடு கட்டுகிறவர்களுக்கான வகுப்பு. வருடா வருடம் இத்தனை மணித்தியாலம் படித்துக் காட்டினால்தான் என் பில்டர் பதிவைப் புதுப்பிப்பார்கள். பதிவு இல்லையென்றால் நான் கட்டும் வீட்டுக்கு உத்தரவாதம் கிடைக்காது. உத்தரவாதம் இல்லாத வீட்டை யார் வாங்குவார்கள்? தொழிலை மூட்டை கட்டிவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான்!

இருபத்திரண்டு வருடமாக லண்டனில் வீடு கட்டுகிறவளுக்கு வகுப்பா? முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். ஆனால் தீப்பாதுகாப்பைப் பற்றி நல்ல விஷயங்கள் சொன்னார்கள், பொய் சொல்லக்கூடாது. வில்லங்கம் கடைசியில் நீட்டிய படிவத்தில் இருந்தது.

'உங்கள் வேலையில் நேர்ந்த ஒரு தவறையும், அதிலிருந்து கற்றதையும் எழுதுக.'

பக்கத்தில், லண்டன் செவன் கிங்ஸ் பகுதியில் வீடு கட்டும் குகன். ஜேர்மனியில் பத்து வருடம் கூரை வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர். தன் போனை என் பக்கம் தள்ளினார்.

“அக்கா, இதைப் பார்த்து எழுதுங்கோ. நாங்கள் எல்லாரும் ஒவ்வொரு வருசமும் இதைத்தான் எழுதுறனாங்கள்.”

'வாடிக்கையாளருடன் இன்னும் அதிகமாகப் பேசியிருக்கலாம் என்று உணர்ந்தேன்.' இதுதான் தவறாம்! எனக்குச் சுர்ரென்று ஏறியது.

ஏனென்றால், என் தவறு எனக்குத் தெரியும்.

மோர்டனில் நான் கட்டிய வீட்டில் ஒரு குடும்பம் புதிதாகக் குடிபுகும் நாள், குடிபூரல். ஹோலில் ஓமம் வளர்த்த புகை. “பிள்ளை, அந்த அலாரம் கத்தாமல் பாருங்கோ” என்றார் ஐயர். நம்மவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன்... புகை அலாரத்தை ஒரு ரப்பர் கையுறையால் இறுக்கி மூடினேன். பிறகு வடை, பாயசம், போட்டோ என்று பொழுது போனது. கையுறையை மறந்துவிட்டேன்.

ஐந்து கிழமை கழித்துக் கதவொன்று இறுகுகிறது என்று கூப்பிட்டார்கள். போய் அண்ணாந்து பார்த்தால், கையுறை அப்படியே இருக்கிறது! கீழே தொட்டிலில் கைக்குழந்தை. கழற்றிவிட்டு, வீட்டுக்காரப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

படிவத்தில் அதை எழுதினேன். இப்போதெல்லாம் ஓமம் முடிந்ததும் மூடிய அலாரத்தைத் திறக்காமல் சாப்பிட உட்காருவதில்லை என்பதையும் எழுதினேன்.

குகன் எட்டிப் பார்த்துப் பதறிவிட்டார். “உங்களுக்கென்ன விசரே? பதிவு போயிடும் அக்கா!”

“போனால் போகட்டும். பொய் எழுத என்னாலை ஏலாது.”

தவறைச் சொன்னால் தண்டனை, மறைத்தால் சான்றிதழ் என்றால் இந்த வகுப்பில் நாங்கள் படிப்பதுதான் என்ன?

செவ்வாய்க்கிழமை பதிவு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கடைசியாக நான் கட்டிய மூன்று வீடுகளைப் பரிசோதிக்கும்வரை என் பதிவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பரிசோதகர்கள் வரட்டும்! மூன்று விலாசங்களையும் அன்றைக்கே அனுப்பிவிட்டேன். அடுத்த வருடமும் உண்மையைத்தான் எழுதுவேன்.

குகனுக்கும் மற்றவர்களுக்கும் உடனே புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு தவறும் செய்யாதவர்கள் கட்டிய வீட்டில் நீங்கள் குடியிருந்தால், எதற்கும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிடுங்கள்!