நீலப் புள்ளி நின்ற இடம்

தைப்பூசக் காலை. பால்குட ஊர்வலம் கடந்துபோகும் டோபி காட் சந்தியில் நின்றுகொண்டு நான் சாலையைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு நீலப் புள்ளி. அதுதான் அக்கா.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு அவள் எடுக்கும் முதல் பால்குடம். இரண்டு கையும் குடத்தில். நாக்கில் வேல். போன் அடித்தால் எடுக்க முடியாது, வலித்தால் சொல்ல முடியாது. கூட நடக்கிறேன் என்றேன். "உன் மூஞ்சியப் பார்த்தாலே எனக்குப் படபடப்பு வந்துரும். டோபி காட்ல நில்லு, போதும்" என்று விரட்டிவிட்டாள். அவள் போனை இடுப்புப் பையில் வைத்து, அது எங்கே போகிறதென்று என் போனில் தெரியும்படி செய்தேன். நெஞ்சுவலி வந்தால் கொடுக்கவேண்டிய மாத்திரை என் சட்டைப்பையில்.

சிராங்கூன் சாலையில் புள்ளி ஒழுங்காக நடந்தது. செலிகி சாலைக்கு வந்து கட்டடங்கள் உயர உயரத் தள்ளாடியது. ஒரு சுவருக்குள் புகுந்தது, வெளியே வந்தது. பிறகு ஒரே தாவல். ஊர்வலப் பாதையை விட்டு, பிராஸ் பாசா பக்கம் ஏதோ ஒரு கட்டடத்துக்குள்.

மயங்கி விழுந்துவிட்டாள், யாரோ தூக்கிப் போயிருக்கிறார்கள். வேறெப்படி நினைப்பது? ஓடினேன். அந்தக் கட்டடத்தை ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று. எங்கும் இல்லை. தண்ணீர்ப் பந்தலில் நின்ற பெண்ணிடம் மஞ்சள் சேலை, பால்குடம் என்று மூச்சிரைக்கக் கேட்டேன். "இன்னிக்கு எல்லாருமே மஞ்சள் சேலைதான்லா, அண்ணே" என்று மோரை நீட்டினாள். புள்ளி அசையவில்லை. அசையாத புள்ளியைப் பார்ப்பதுபோல் ஒரு கொடுமை இல்லை.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். செயற்கைக்கோளின் சமிக்ஞை நேராக வந்தால்தான் கணக்கு சரி. கண்ணாடிச் சுவரில் மோதித் திரும்பி வந்தால் தாமதமாகும். அந்தத் தாமதத்தைப் போன் தூரமென்று எண்ணிக்கொள்ளும். போதாததற்கு, பூமத்திய ரேகைக்கு மேலே மின்னேறிக் கிடக்கும் காற்றடுக்கும் சமிக்ஞையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். போன் எதையும் மறைப்பதில்லை. சந்தேகம் கூடினால் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டத்தை விரித்துக் காட்டும். அன்றும் காட்டியிருக்கும். எனக்குப் புள்ளி மட்டும்தான் தெரிந்தது.

திடீரென்று அது நகர்ந்தது. குதித்துக் குதித்து, ஊர்வலம் முடியும் கோயில் இருக்கும் டேங்க் ரோடு பக்கம். நானும் பின்னாலேயே.

கூட்டத்தைப் பிளந்து நான் போய்ச் சேர்வதற்குள், கோயில் வாசலுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பால் ஊற்றியாகிவிட்டது, வேல் எடுத்தாகிவிட்டது. முகம் வெளுத்திருந்தது.

"எங்கடா போனே? டோபி காட்ல ஒதுங்கி நின்னு உன்னையேதான் தேடுனேன். வெயில்ல நின்னதுலதான் மூச்சு வாங்குது."

புள்ளி நின்றது நிஜம்தான். நின்ற இடம்தான் ஒரு தெரு தள்ளி.

வலிக்கிறதா என்று கேட்டேன். சட்டைப்பைக்குள் விரல்கள் மாத்திரையைத் துழாவின.

"வலிக்கல. உனக்குத்தான் என்னமோ ஆயிருச்சுன்னு பயந்துட்டேன்."

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நாடி மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது, அவளுக்கு.