அண்ணன் வண்டியில் புது பேட்டரி

ஃபின்லாந்தில் நான் வசிக்கும் சிற்றூரில் பனிக்காலம் வந்துவிட்டால், நிறுத்தியிருக்கும் ஒவ்வொரு காரின் முன்பக்கத்திலிருந்தும் ஒரு மின்கம்பி கிளம்பி அருகிலுள்ள கம்பத்துக்குப் போகும். இன்ஜின் விறைத்துப்போகாமல் இருக்கச் சூடு கொடுப்பார்கள். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு மாலை என் காரைக் காட்டி, கரண்டில் போட்டாயா என்று கேட்டார். இது பெட்ரோல் வண்டி, கரண்டில் ஓடாது என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் காலை வண்டி எழும்பவே இல்லை. அதை அண்ணன் தேவாவிடம் சொன்னபோது அப்படிச் சிரித்தார். நம்ம புதுவாயலில் வெயிலில் நின்ற வண்டியைத் தொட்டால் கை பொத்துப்போகிறது, உன் ஊரில் வண்டிக்கே கம்பளி போர்த்தணுமா என்றார். கும்மிடிப்பூண்டி இரும்பாலை ஒன்றில் அவருக்கு வேலை. அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் முதன்முதலாகக் கார் வாங்கியவர். ஷிப்டுக்குப் போகுமுன் அந்தக் காரில் உட்கார்ந்து எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது அவர் வழக்கம்.

போன மழைக்காலத்தில் மாரடைப்பில் அண்ணன் போய்விட்டார். கடைசிச் சடங்கை நான் போன் திரையில்தான் பார்த்தேன். இந்தக் கோடையில்தான் ஊருக்கு வர முடிந்தது. வீட்டின் ஓரமாக, தகரக் கூரைக்குக் கீழே அவருடைய கார் நின்றிருந்தது. ஆலைகளிலிருந்து பறந்துவரும் கறுப்புத் தூசி அதன்மேல் கம்பளம்போலப் படிந்திருந்தது. சும்மா நின்றால் துருப்பிடித்துப் போகும் என்று, அண்ணி கலாவைக் கேட்காமலே, திருவள்ளூரில் ஒருவருக்கு விற்கப் பேசி முடித்தேன். சொன்னதும் அண்ணி ஆணியில் தொங்கிய சாவியைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பேட்டரி முழுக்கச் செத்திருந்தது. புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து மெக்கானிக் சுகுமார் புதுசு கொண்டுவந்து மாட்டினார். நண்பகல். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. தூரத்து ஆலையின் உறுமல் மட்டும் தரை வழியாக வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கவனித்தேன்: வண்டி முழுக்கத் தூசி, ஆனால் ஓட்டுநர் பக்கத்துக் கைப்பிடி மட்டும் பளபளவென்று துடைத்ததுபோல் இருந்தது. உள்ளே உட்கார்ந்த சுகுமாரின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டு நன்றாக முன்னால் தள்ளப்பட்டிருந்தது. அண்ணன் ஆறடி ஆள்.

"யாரோ குள்ளமான ஆளு உக்காந்துகினு இருந்துகீறாங்க சார்," என்றார் சுகுமார்.

சாவியைத் திருப்பியதும் விளக்குகள் எரிந்தன. இன்ஜின் மட்டும் எடுக்கவில்லை. பேட்டரி முனைகளை மறுபடி இறுக்கினார், ஃபியூஸ்களைப் பார்த்தார். டேஷ்போர்டில் சாவி வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. இது டூப்ளிகேட் சாவி, கதவு திறக்கும், லைட் எரியும், ஆனால் இன்ஜின் இதை ஏற்றுக்கொள்ளாது என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நடுவிலிருந்த திரை தானாக மாறியது.

"யாரு சார் தேவா? கனெக்டட்னு வருது."

நான் பதில் சொல்வதற்குள் நான்கு கதவுகளிலிருந்தும் அண்ணன் பேசினார்.

"நைனா, நான் வண்டிக்குள்ளதான் உக்காந்துகினு கீறேன். நாஷ்டா துன்னியா?"

சுகுமார் கதவைத் திறந்துகொண்டு வெளியே குதித்தார். ஜன்னலில் வைத்த கையை எடுக்க முடியவில்லை. குரல் நிற்காமல் குளிரைப் பற்றி விசாரித்தது, இருமியது, சிரித்தது.

அண்ணி வாசலுக்கு ஓடிவந்தார். கையில் அண்ணனின் போன். அதை அவர் இத்தனை மாதமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். உள்ளே மெசேஜைப் போட்டதும் சத்தம் வராமல் போய், வெளியே கேட்டிருக்கிறது. போன் காரைக் கண்டுகொண்டு தானாகவே இணைந்துவிட்டது. மத்தியானங்களில் இந்தக் காருக்குள் வந்து உட்கார்ந்திருந்தது அண்ணிதான்.

"ஊட்டுக்குள்ள கேட்டா போன்ல பேசற மாதிரிகீது தம்பி. இதுக்குள்ள கேட்டா பக்கத்துல உக்காந்து பேசறாரு. அதனாலதான் பேட்டரி பூடுச்சி போல."

அண்ணி போட்டிருந்தவை அண்ணன் எனக்கு அனுப்பிய செய்திகள். என் குரலில் போன பதில்களையும் கேட்டிருப்பார்.

திருவள்ளூர்க்காரரைக் கூப்பிட்டு வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொன்னேன். அண்ணி உள்ளே போய், அரிசி டப்பாவிலிருந்து ஒரிஜினல் சாவியை எடுத்துவந்தார். சுகுமார் உட்காரத் தயங்கினார். அண்ணியே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இன்ஜின் எடுத்தது. நிறுத்தியே வைத்தால் மறுபடியும் படுத்துவிடும், பெரியபாளையம் வரை ஒரு சுற்று போய்வா என்று என்னிடம் சொல்லி இறங்கி, போனுடன் வீட்டுக்குள் போனார்.

நான் கதவைத் திறந்து உட்கார்ந்து மூடினேன். கைகள் இரண்டும் தாமாக முன்னால் நீண்டன. எதிரே ஸ்டியரிங் இல்லை. ஃபின்லாந்தில் ஓட்டுபவர் உட்காருவது இடப்பக்கம். நான் அந்தப் பக்கமே ஏறியிருந்தேன். என் வலப்புறம், ஓட்டுபவர் இருக்கை காலியாக அதிர்ந்துகொண்டிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி மறுபக்கம் போக எனக்கு வெகுநேரம் பிடித்தது.