நாள் தெரியாதவர்களின் நாள்

சனிக்கிழமைகளில் ஹெர் குரேவிச் விளக்குச் சுவிட்சைத் தொடமாட்டார். ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் வயோதிபர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பது என் வேலை. அவரிடம் போன முதல் மார்கழியில், பின்னேரம் நான்கரைக்கே கறுத்துவிட்ட அறைக்குள் இருந்தபடி, இங்கே இருட்டாக இருக்கிறது என்றார். குளிர்காலத்தைச் சொல்லிக் கவலைப்படுகிறாராக்கும் என்று நினைத்து, எங்கள் ஊரில் மார்கழியிலும் ஆறு மணிவரை வெளிச்சம் இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். யூதர்களின் ஓய்வுநாளில் விளக்கைப் போடவும் கூடாது, போடச்சொல்லிக் கேட்கவும் கூடாது என்பது மூன்றாவது சனிக்கிழமை அவருடைய மகள் சொல்லித்தான் தெரிந்தது. அதுவரை அந்த மனிதர் இருட்டில் இருந்திருக்கிறார்.

அவருக்குக் கண் மங்கிய பிறகு நான் வாசிக்கத் தொடங்கினேன். அவர்களுடைய வேதமான தோராவைக் கிழமைக்கொரு பகுதியாக ஆண்டு முழுவதற்கும் பிரித்து வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் மருந்து கொடுத்துவிட்டு, அந்தக் கிழமைக்குரியதை ஜேர்மன் மொழியில் வாசிப்பேன். அவர் முதுமையில் உக்ரைனிலிருந்து வந்தவர்; நான் இருபத்தாறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். இருவருக்கும் அது இரவல் மொழி. சைவக்காரியான எனக்குப் பாதி விளங்காது. ஆனால் எகிப்திலிருந்து தப்பி வந்தவர்கள் பாலைவனத்தில் நின்று, அங்கே தின்ற வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழும் இடத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்து ஹம் நகரத்திலுள்ள எங்கள் கோயில் திருவிழாவில் எங்கள் சனம் பேசுவதும் அதைத்தானே.

ஐப்பசியில் ஆண்டு வாசிப்பு முடியும் நாள் அவர்களுக்குக் கொண்டாட்டம். தோராச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்களாம். அவரால் போக முடியவில்லை. கடைசிப் பகுதியை வீட்டிலேயே வாசித்தேன். மோசே மலையில் நின்று, தான் போகமுடியாத நாட்டைப் பார்த்துவிட்டு இறந்துபோகிறார். அவருடைய புதைகுழி எங்கே என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது என்ற வரியில் என் குரல் நின்றுவிட்டது. கடினமான சொல்லா என்று கேட்டார். ஓம் என்றேன். அந்த வரியை மனப்பாடமாகச் சொல்லி, உச்சரிப்பைத் திருத்தித் தந்தார்.

அப்போதுதான் தம்பியைப் பற்றிச் சொன்னேன். போரின் கடைசி நாட்களில் சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏற்றப்பட்டவன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அவர் தன் கதையைச் சொன்னார். தனக்கு ஐந்து வயதில், ஊரிலிருந்த யூதர்கள் எல்லோரோடும் தன் தாயையும் ஒரு பள்ளத்தின் ஓரத்தில் நாஜிகள் சுட்டுவிட்டார்கள் என்றார். அப்பா போர்முனையில் இருந்தாராம்; தன்னை முன்னரே சித்தியோடு கிழக்கே அனுப்பியிருந்தார்களாம். எந்த நாள் என்று தெரியாது.

"நாள் தெரியாதவர்களுக்கு எங்களிடம் ஒரு நாள் இருக்கிறது. மார்கழியில் வரும் விரத நாள். உங்கள் தம்பியின் பெயரைத் தாருங்கள், என் அம்மாவின் பெயரோடு சேர்த்துப் பிரார்த்தனையில் சொல்கிறேன்."

அம்மாவுக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து ஊருக்கு ஃபோன் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: "அந்த மனுசன் நல்லா இருக்கட்டும். ஆனா பேரைக் குடுத்திடாதை பிள்ளை. செத்த ஆக்களோடை அவனைச் சேர்க்க நான் விடன்." ஹம் கோயிலில் அவன் பெயருக்குச் செய்யும் அர்ச்சனையை விட்டுவிடாதே என்றும் சொன்னார். எங்களில் அர்ச்சனை உயிரோடிருப்பவர்களுக்கு; இறந்தவர்களுக்குத் திவசம். அவனுக்கு நாங்கள் திவசம் செய்ததில்லை.

விரத நாளில் மேசையில் இரண்டு மெழுகுவர்த்திகள் இருந்தன. தாயின் பெயரைச் சொல்லி ஒன்றைக் கொளுத்தினார். மற்றதன்மேல் தீக்குச்சியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.  குச்சி விரலைச் சுடும்வரை பிடித்திருந்தார். பிறகு, அம்மா வேண்டாம் என்றுவிட்டார் என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "என் அப்பாவும் விடவில்லை," என்றார். "சாகும்வரை சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்கும் ஒரு தட்டு வைத்தார். அவர் போன பிறகுதான் நான் இதைக் கொளுத்தத் தொடங்கினேன்."

அப்படியென்றால் நானும் அம்மா போகும்வரை காத்திருக்க வேண்டும் என்பது விளங்கியது. கருகிய குச்சியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

அடுத்த கிழமை தம்பியின் நட்சத்திரம். ரயில் ஏறி ஹம்முக்குப் போனேன். புதிதாக வந்திருந்த ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். சொன்னேன்.

"ஆள் இஞ்சையோ, ஊரிலையோ?"

"ஊரிலை ஐயா."

அவனுக்கு நீண்ட ஆயுள் வேண்டி அவர் மந்திரத்தைத் தொடங்கினார். முடிந்ததும் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். இரண்டு இடத்திலும் இல்லாத ஒருவனுடைய திருநீற்றுப் பொட்டலம் என் கையில் இருந்தது.